டிப்பரில் ஹைட்ரஜன் கிட்: டீசல் மிச்சமாகுமா?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில் காலையில் பைக் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், ரோட்டில் பாதி டிப்பர்தான். ஜல்லி, எம்-சாண்ட், கிரஷர் டஸ்ட் எல்லாம் ஈசிஆர் பக்கம் எழும் கட்டடங்களுக்குப் போகிற லோடு. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லோடோடு போய்க் காலியாகத் திரும்புவதையும் சேர்த்து ஒரு டிப்பர் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால், ஒரு நாளில் 200 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு 50 லிட்டர். 4,600 ரூபாய். வண்டி டியூ, இன்சூரன்ஸ், டயர், டிரைவர் படி எல்லாம் இதற்கு மேல்.

இந்த வண்டிக்காரரிடம் ஒருவர் வந்து, "தண்ணியிலேர்ந்து ஹைட்ரஜன் எடுத்து இன்ஜினுக்குக் கொடுக்கிற கிட் இருக்கு, டீசல் 20 சதவீதம் மிச்சமாகும்" என்று சொன்னால் அவர் காதில் என்ன விழும்? ஒரு நாளைக்கு 10 லிட்டர் மிச்சம். மாதம் 25 நாள் ஓடினால் 23,000 ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணம் அது. அதனால் இந்த கிட்டை வாங்குகிறவர்களை யாராவது ஏமாளி என்று பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. டீசல் விலைக்கும் வாடகைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர், கிடைக்கிற கயிற்றைப் பிடிக்கத்தான் பார்ப்பார். கயிற்றை நீட்டுகிறவரிடம்தான் என் கேள்வி.

முதலில் கிட் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் வரிசையாக, நடுவில் ரப்பர் வளையம், இரண்டு பக்கமும் தடித்த அக்ரிலிக் பலகை வைத்து போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். உள்ளே தண்ணீர், அதில் கொஞ்சம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. சிலர் காஸ்டிக் சோடா போடுகிறார்கள். வண்டியின் டைனமோவிலிருந்து ஒயர் வரும். மின்சாரம் பாய்ந்ததும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து நுரை கட்டும். அந்த வாயு தண்ணீர் நிரப்பிய ஒரு பப்ளர் வழியாகப் போய் ஏர் ஃபில்டருக்கு அடுத்த குழாயில் சேரும். எச்எச்ஓ கிட் என்பார்கள், ட்ரை செல் என்பார்கள், வாட்டர் கிட் என்றும் சொல்வார்கள். புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் சார்லஸ் காரெட் என்பவர் மின்பகுப்பு கார்புரேட்டருக்கு 1935-லேயே காப்புரிமை வாங்கினார்.

இதை நம்மூர்ப் பட்டறையில் கையால் செய்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தகட்டைச் சமமாக வெட்டி, துளைபோட்டு, ஒரு சொட்டுக் கசியாமல் இறுக்குவது சாதாரண வேலை இல்லை. பாலிடெக்னிக் முடித்த பையன்கள் சிலர் யூடியூப் பார்த்து ஆரம்பித்து, மூன்றாவது நான்காவது மாடலில் ரொம்பச் சுத்தமாகச் செய்கிறார்கள். வாயு வருவது உண்மை. தீக்குச்சி காட்டினால் பட்டென்று வெடிப்பதும் உண்மை. நம்பிக்கை பிறப்பது அந்த இடத்தில்தான்.

அதைவிட வலுவான ஒரு காட்சி இருக்கிறது. 100 சிசி பைக்கை ஐட்லிங்கில் ஓடவிட்டு, வாயுக் குழாயை ஏர் ஃபில்டரில் செருகுவார்கள். இன்ஜின் சத்தம் ஏறும். எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வரும். இதில் கண்கட்டு எதுவும் இல்லை, நிஜமாகவே ஏறும். ஐட்லிங்கில் அந்தச் சின்ன இன்ஜின் நிமிடத்துக்கு 25 லிட்டர் அளவில்தான் காற்று இழுக்கும். 20 ஆம்பியர் இழுக்கிற 12 வோல்ட் கிட் நிமிடத்துக்கு ஒண்ணேகால் லிட்டர் வாயு தரும். இழுக்கும் காற்றில் இருபதில் ஒரு பங்கு அது. எரிபொருளோடு இவ்வளவு ஹைட்ரஜன் சேர்ந்தால் இன்ஜின் வேகமெடுக்கத்தான் செய்யும். ஆனால் அந்த கிட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பைக்குக்குப் பக்கத்தில் தரையில் தனியாக ஒரு பேட்டரி இருக்கும். முந்தின இரவு அதை வீட்டு பிளக்கில் போட்டு சார்ஜ் ஏற்றியிருப்பார்கள்.

இப்போது அதே யோசனையை டிப்பருக்குக் கொண்டுவருவோம். இங்கே தனி பேட்டரி கிடையாது. டைனமோதான் மின்சாரம் தர வேண்டும், டைனமோவைச் சுற்றுவது இன்ஜின், இன்ஜினுக்குச் சாப்பாடு டீசல். ஆக, வாயுவில் இருக்கிற சக்தி முழுவதும் டீசல் டேங்கிலிருந்து கிளம்பியதுதான். சொந்தக் கிணற்றில் இறைத்த தண்ணீரை ஓட்டை வாளியில் சுமந்துவந்து அதே கிணற்றில் ஊற்றுகிற வேலை இது. வாளியில் எவ்வளவு ஓட்டை என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இதற்கு வேண்டிய விதியை மைக்கேல் ஃபாரடே 1834-லேயே எழுதி வைத்துவிட்டார்.

பெரிய வண்டியில் 24 வோல்ட் சிஸ்டம். ஓடும்போது 28 வோல்ட் இருக்கும். தாராளமாக 12 செல் கொண்ட கிட் என்றும், அது 20 ஆம்பியர் இழுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 560 வாட். ஃபாரடே விதிப்படி இதில் மணிக்குச் சுமார் 100 லிட்டர் ஹைட்ரஜனும் 50 லிட்டர் ஆக்சிஜனும் வரும். கேட்க நிறையத்தான் தெரிகிறது. ஆனால் ஹைட்ரஜன் உலகத்திலேயே லேசான வாயு. 100 லிட்டரையும் எடை போட்டால் 9 கிராம். அதை எரித்தால் கிடைக்கிற சக்தி 30 மில்லி டீசலுக்குச் சமம். ஒரு மணி நேர உழைப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி டீசல்.

செலவுப் பக்கம் வாருங்கள். டைனமோ தன்னைச் சுற்றுகிற சக்தியில் பாதிக்குச் சற்று மேல்தான் மின்சாரமாக மாற்றும், மீதி சூடாகப் போய்விடும். எனவே 560 வாட் மின்சாரத்துக்கு இன்ஜின் 1,000 வாட் கொடுக்க வேண்டும். நல்ல டீசல் இன்ஜின் எரிபொருளில் 40 சதவீதத்தை வேலையாக மாற்றும். அப்படியானால் 2,500 வாட் அளவுக்கு டீசல் எரிய வேண்டும். மணிக்கு 250 மில்லி. அதாவது 250 மில்லி போட்டு 30 மில்லி எடுக்கிறோம். எட்டு மணி நேரம் ஓடினால் ஒன்றேமுக்கால் லிட்டர், 160 ரூபாய், நாள்தோறும் கூடுதல் செலவு. கிட்டுக்குக் கொடுத்த காசு தனி.

இந்த இடத்தில் கிட் விற்கிறவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கும். "ஹைட்ரஜன் எரிபொருளா வேலை செய்யலை சார், டீசலை முழுசா எரிய வைக்குது." இதைக் கேட்டதும் படித்தவர்களே தயங்கிவிடுகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, ஒழுங்காகப் பராமரித்த டீசல் இன்ஜினில் எரியாமல் வெளியே போகிற எரிபொருள் 2 சதவீதத்தைத் தாண்டாது. மீதி 98-க்கு மேல் எரிந்துதான் போகிறது. சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் நாம் இழப்பது எரிந்து முடிந்த டீசலின் சூடு. அந்தச் சூட்டை ஹைட்ரஜனால் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆகவே எரியாத துளி முழுவதையும் எரித்துவிட்டாலும் 2 சதவீதம்தான் லாபம். 20 சதவீதம் வர வழியே கிடையாது. புகை கரியாக வருகிறதே என்பார்கள். கரி கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், எடை போட்டால் மிகவும் கொஞ்சம். கரும்புகை கக்குகிற வண்டிக்கு நாசிலையும் ஏர் ஃபில்டரையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அளவு. ஆறு சிலிண்டர், ஐந்தரை ஆறு லிட்டர் இன்ஜின் 1,800 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 5,000 லிட்டர் அளவில் காற்று இழுக்கும். டர்போ இருந்தால் இன்னும் அதிகம். நம் கிட் தருகிற ஹைட்ரஜன் நிமிடத்துக்கு 1.7 லிட்டர். பத்தாயிரம் பங்கு காற்றில் மூன்று பங்கு. ஹைட்ரஜன் காற்றில் தீப்பிடிக்கவே குறைந்தபட்சம் நூற்றுக்கு நான்கு, அதாவது பத்தாயிரத்துக்கு 400 பங்கு வேண்டும். பைக்கில் இருபதில் ஒரு பங்காக இருந்தது டிப்பரில் கரைந்து காணாமல் போகிறது. பைக்கைக் காட்டி லாரிக்கு விற்கிற வியாபாரம் முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில் ஒளிந்திருக்கிறது.

நாசா அறிக்கை என்று ஒரு காகிதத்தையும் காட்டுவார்கள். அப்படியோர் அறிக்கை இருப்பது உண்மை. நாசாவின் லூயிஸ் ஆராய்ச்சி மையம் 1977-இல் வெளியிட்டது. பெட்ரோல் இன்ஜினில் ஹைட்ரஜன் கலந்தால் இன்னும் மெலிந்த கலவையிலும் சீராக எரிகிறது என்று அதில் இருக்கிறது. ஆனால் அவர்கள் ஹைட்ரஜனை சிலிண்டரிலிருந்து கொடுத்தார்கள், அல்லது மெத்தனாலிலிருந்து தனிக் கருவியில் தயாரித்தார்கள். டைனமோவில் எடுத்த வாயு அந்த அறிக்கையில் கிடையாது. டெல்லியில் 2020-இல் ராஜ்காட் டிப்போவில் 50 பேருந்துகளுக்கு 18 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த சிஎன்ஜி போட்டு ஓட்டிப் பார்த்தார்களே, அதிலும் ஹைட்ரஜன் நிலையத்திலேயே இயற்கை எரிவாயுவிலிருந்து தயாரானது. ஹைட்ரஜன் இன்ஜினுக்கு உதவுமா என்றால் உதவும். வெளியிலிருந்து, போதுமான அளவில் வர வேண்டும்.

நம் தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய காயம் உண்டு. 1996-இல் ராஜபாளையம் பக்கத்து இடையன்குளத்திலிருந்து ராமர் பிள்ளை மூலிகை பெட்ரோல் என்று வந்தார். மூலிகையும் தண்ணீரும் போதும் என்றார். பத்திரிகைகள் தூக்கிப் பிடித்தன. டெல்லியில் மத்திய அரசின் அறிவியல் துறை வரை கதவு திறந்தது. பட்டிக்காட்டுப் பிள்ளை ஒருவர் உலகத்தையே மாற்றப்போகிறார் என்று டீக்கடைக்கு டீக்கடை பேசினோம். அந்தப் பெருமிதத்தை நான் இன்றும் கேலி செய்ய மாட்டேன். பள்ளிப்படிப்பை முடிக்காதவரின் கையிலிருந்தும் பெரிய விஷயம் வரலாம் என்று நம்புகிற சமூகம் நல்ல சமூகம். ஆனால் சென்னை ஐஐடியில் கட்டுப்பாட்டோடு சோதித்தபோது அது தேறவில்லை. அதன் பிறகும் ராமர் பெட்ரோல் சென்னையில் கடை போட்டு விற்பனையானது. சிபிஐ 2000-இல் வழக்குப் போட்டது, டொலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலியப் பொருட்களின் கலவை அது என்றது. 2016 அக்டோபரில் எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறை விதித்தது. முதல் சோதனைக்கும் தீர்ப்புக்கும் நடுவில் 20 ஆண்டு.

அமெரிக்காவில் ஸ்டான்லி மேயர் தண்ணீரில் ஓடும் கார் என்று சொல்லி முதலீடு வாங்கினார். ஓஹாயோ நீதிமன்றம் அதே 1996-இல் அது மோசடி என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. பாகிஸ்தானில் 2012-இல் ஆகா வகார் அகமது தண்ணீர் கிட்டைக் காட்டியபோது அமைச்சர்களே கைதட்டினார்கள். எரிபொருள் விலை எங்கெல்லாம் வலிக்கிறதோ அங்கெல்லாம் இது முளைக்கிறது.

மதுராந்தகம் பக்கத்து டிப்பர் உரிமையாளர் ஒருவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவரே ஓட்டுகிறவர், பொய் சொல்லத் தெரியாத மனிதர். "நீ சொல்ற கணக்கெல்லாம் சரிதான் தம்பி. ஆனா மாட்டுனதுக்கப்புறம் எனக்கு மைலேஜ் ஏறிச்சே, அது எப்படி?" என்றார். நல்ல கேள்வி. ஏறியிருக்கும் என்று நானும் நம்புகிறேன். கிட் மாட்டிய அன்று வேறு என்னவெல்லாம் செய்தார்கள் என்று கேட்டேன். ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், நாசில் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், டயரில் காற்று பார்த்தார்கள். குவாரித் தூசியில் நாள் முழுக்க நிற்கிற வண்டிக்கு ஏர் ஃபில்டர் அடைத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, காசு போட்டு கிட் வாங்கியவர் கால், ஆக்சிலேட்டரில் மெதுவாகத்தான் விழும். மைலேஜைக் கவனிக்க ஆரம்பித்தாலே மைலேஜ் ஏறும். பாராட்டு மட்டும் தகட்டுப் பெட்டிக்குப் போய்விடுகிறது.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அதைக் கழட்டிட்டாலும் மைலேஜ் இறங்காதுங்கறியா?" என்றார். ஆமாம் அண்ணே என்றேன்.

இவ்வளவுதான் என்றால் நஷ்டம் பணத்தோடு போகும். எனக்குக் கவலை தருவது வேறு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்தே குழாயில் வருகிறது. மிகவும் ஆபத்தான கலவை அது. நாம் கையில் உணரக்கூட முடியாத சின்னப் பொறி போதும். இன்ஜின் பக்கத்திலிருந்து தீ பின்னோக்கி வந்தால் பப்ளரில் தண்ணீர் வற்றியிருக்கக் கூடாது. வற்றியிருந்தால் பெட்டி வெடிக்கும், உள்ளே இருக்கிற காரம் கண்ணில் அடிக்கும். பார்வையே போய்விடலாம். சாதாரண உப்பு போட்டால் குளோரின் வாயு வரும். எஃகுத் தகடு அரிக்க அரிக்க, தண்ணீர் மஞ்சளாக மாறும். அதில் இருப்பது புற்றுநோய் தரக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியம். பட்டறைப் பையன் தகட்டை வெறுங்கையால் கழுவி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுகிறான். இதை எழுதும்போதே மனசு பதறுகிறது. கிட் செய்கிற தம்பிகள் தயவுசெய்து கண்ணாடியும் கையுறையும் போடுங்கள்.

பிஎஸ்-6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் சென்சார்களும் ஈசியூ என்கிற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியும் சேர்ந்துதான் டீசலை அளந்து விடுகின்றன. காற்றுக் குழாயில் துளை போட்டால் வாரண்டி போகும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் இதைத்தான் தேடும்.

அப்படியானால் டீசலை மிச்சம் பிடிக்க என்ன வழி? புதிதாக எதுவும் இல்லை, எல்லா டிரைவருக்கும் தெரிந்ததுதான். எடைமேடை வரிசையிலும் கிரஷர் வாசலிலும் இன்ஜினை அணைக்காமல் நின்றால் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் போகும். கிட் நாளெல்லாம் உழைத்துத் தருவதாகச் சொல்கிற வாயுவை டீசலாக்கினால் கால் லிட்டர்கூட வராது, அரைமணி நேரம் இன்ஜினை அணைத்தால் அதைவிட மிச்சம். குவாரிக்குள் போகிற வண்டிக்கு ஏர் ஃபில்டரை ஒழுங்காகப் பாருங்கள். ஈசிஆரில் காலி வண்டியை 80-இல் விரட்டாமல் 60-இல் விடுங்கள். திரும்பும்போது லோடு கிடைக்குமா என்று தேடுவதற்கு ஒரு போன் கூடுதலாகப் பேசுங்கள். காலி ஓட்டத்தைவிடப் பெரிய டீசல் திருடன் வேறு யாரும் கிடையாது.

ஹைட்ரஜன் மேல் ஆசை உள்ள தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆசை வீண் இல்லை, அதற்கான இடம் நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே உருவாகிறது. சென்னை ஐஐடியின் தையூர் வளாகத்தில் 65,000 சதுர அடியில் ஹைட்ரஜன் ஆய்வு மையம் அமைக்கப்போவதாக ஹூண்டாய் 2025 தொடக்கத்தில் அறிவித்தது. ரிலையன்ஸும் நம் அசோக் லேலண்டும் சேர்ந்து செய்த ஹைட்ரஜன் இன்ஜின் லாரி 2023 பிப்ரவரியில் பெங்களூரில் கொடியசைத்துக் கிளம்பியது. அந்த மாதிரி லாரிக்கு கிராம் கணக்கு போதாது, கிலோ கணக்கில் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜன் சுமார் 3.3 லிட்டர் டீசலுக்குச் சமம். அந்த ஒரு கிலோவைத் தண்ணீரிலிருந்து எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். அது காற்றாலையிலிருந்தோ சூரிய ஒளியிலிருந்தோ வந்தால் அர்த்தம் இருக்கிறது. பிறகு அதை 350 பார் அழுத்தத்தில் அடைத்து ஏற்ற வேண்டும். எவ்வளவு பெரிய வேலை பாருங்கள், எவ்வளவு திறமையான கைகள் வேண்டும் பாருங்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், உருகிய சோடியத்துக்குள் நீராவி துளி கசிந்தாலும் அதனால் உண்டாகும் ஹைட்ரஜனை உடனே கண்டுபிடிக்கிற சென்சார்களை அங்குள்ள விஞ்ஞானிகளே உருவாக்கியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவைத் துல்லியமாக அளக்கிற கலை இந்தக் கடற்கரையில் இருக்கிறது. ஒரு சொட்டுக் கசியாமல் செல் கட்டுகிற பையனுக்கு அந்தக் கலையை யாராவது சொல்லிக்கொடுத்தால் அவன் எங்கேயோ போவான். பாலிடெக்னிக் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், கிட் செய்கிற மாணவனைத் திட்டி அனுப்பாதீர்கள். கையில் ஒரு கிளாம்ப் மீட்டரையும் அளவுகோல் போட்ட பாட்டிலையும் கொடுங்கள். எத்தனை ஆம்பியர், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அவனே எழுதட்டும்.

கிட் மாட்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே சோதியுங்கள். அதற்கு வழி சொல்கிறேன். ஒரே வண்டி, ஒரே டிரைவர், ஒரே பாதை, எடைச்சீட்டில் ஏறக்குறைய ஒரே லோடு. ஒரே பங்கில், ஒரே பம்பில், வாய் வரை டேங்கை நிரப்புங்கள். கிட்டின் சுவிட்சை டிரைவர் கண்ணில் படாத இடத்தில் வைத்து, அதைப் போடுவதும் அணைப்பதும் வேறொருவர் பொறுப்பு என்று விடுங்கள். எந்த நாள் ஓடியது, எந்த நாள் ஓடவில்லை என்று அவர் தனியாகக் குறித்து வைக்கட்டும், டிரைவருக்குச் சொல்லக் கூடாது. இரண்டு வகையிலும் குறைந்தது பத்துப் பத்து நாள் ஓட்டிவிட்டு இரண்டு நோட்டையும் சேர்த்துப் பாருங்கள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், கல்பாக்கம் பக்கம் யாராவது இதைச் செய்யத் தயாராக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், மீட்டரோடு நானும் வருகிறேன். முடிவு கிட்டுக்குச் சாதகமாக வந்தாலும் வராவிட்டாலும், எண்களை அப்படியே இங்கே போடுகிறேன்.